ஏலியன்கள் நம்மள எப்படி பாப்பாங்க, அவங்களோட பேச முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலியன் பத்தி பேச்சு வந்தாலே ரெண்டே பக்கமா தான் போகுது, ஒண்ணு அவங்க வந்து நம்மள அழிச்சிடுவாங்க, இல்லன்னா வந்து காப்பாத்திடுவாங்க. ரெண்டுலயுமே அவங்களுக்கு நம்மள பத்தி நல்லா தெரியும்னு மொதல்லயே முடிவு கட்டிடுறோம். என்னைக் கேட்டா அங்கதான் சிக்கலே இருக்கு. நம்மள பத்தி என்ன தகவல் வெளிய போயிருக்கு, அது போய் சேரும்போது எவ்வளவு பழசாயிருக்கும், அத வச்சு என்ன புரிஞ்சுக்க முடியும், இத மட்டும் கொஞ்சம் பொறுமையா கணக்கு போட்டு பாத்தா பாதி கேள்விக்கு வழி தெரிஞ்சிடும். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள எடுத்து கீழ பதில் எழுதியிருக்கேன்.

மொதல்ல ஏலியன் இருக்காங்களா இல்லையா?

இதுவரைக்கும் ஒரு ஆதாரமும் இல்ல. சூரியன் மாதிரியான நட்சத்திரத்த சுத்துற முதல் வெளிக்கிரகத்த 1995ல கண்டுபிடிச்சாங்க, இன்னிக்கு உறுதியான எண்ணிக்கை 6,000த்த தாண்டிடுச்சு, ஆனா உயிர் இருக்குன்னு அடிச்சு சொல்ற மாதிரி அதுல ஒண்ணு கூட இல்ல. அதனால கீழ வர்ற எல்லா பதிலையும் "இருந்தா" அப்படிங்கற கண்டிஷனோட படிங்க.

தூரத்துல இருந்து பாத்தா இங்க மனுஷங்க இருக்கறது தெரியுமா?

இத நாமளே டெஸ்ட் பண்ணி பாத்திருக்கோம், எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச கதை இதுதான். வியாழனுக்கு போக கிளம்புன கலிலியோ விண்கலம் வேகம் எடுக்கறதுக்காக 1990 டிசம்பர்ல பூமிய ஒட்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் கம்மியான உயரத்துல தாண்டிப் போச்சு. அப்போ வானியல் விஞ்ஞானி கார்ல் சேகனும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு கேள்வி கேட்டாங்க, பூமிய பத்தி எதுவுமே தெரியாத ஒருத்தர் இந்தக் கருவிகள வச்சு பாத்தா இங்க உயிர் இருக்குன்னு கண்டுபிடிப்பாரா? ரிசல்ட் 1993ல நேச்சர் இதழ்ல வந்துச்சு.

காத்துல ஆக்சிஜன் எக்கச்சக்கமா இருக்கறது தெரிஞ்சுது. அதே காத்துல மீத்தேனும் இருந்துச்சு. ரெண்டும் சேந்து ரொம்ப நாள் இருக்க முடியாது, ஆக்சிஜன் இருக்கற இடத்துல மீத்தேன் பத்து வருஷம் போல தான் தாங்கும், அப்போ யாரோ எதுவோ அத விடாம உற்பத்தி பண்ணிட்டே இருக்கணும். நிலத்துல பல இடத்துல சிவப்பு வெளிச்சம் உறிஞ்சப்படுறது தெரிஞ்சுது, அது நம்ம செடி கொடியோட பச்சையம். கூடவே இயற்கையா வர வாய்ப்பே இல்லாத, குறுகலான அலைவரிசையில விட்டு விட்டு வர்ற ரேடியோ சிக்னல். சரி, போட்டோவுல? ஆஸ்திரேலியாவையும் அண்டார்டிகாவையும் எடுத்த படத்துல ஒரு ஊரு, ஒரு ரோடு கூட நிச்சயமா சொல்ற மாதிரி தெரியல, ஏன்னா படத்தோட துல்லியம் கிலோமீட்டர் கணக்குல தான் இருந்துச்சு.

யோசிச்சு பாருங்க, ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள வந்து போன கருவிக்கே நம்ம கட்டின எதுவும் கண்ணுல படல, ரேடியோ மட்டும் தான் நம்மள காட்டிக் கொடுத்துச்சு. நம்மள பத்தி வெளிய யாருக்காவது ஏதாவது தெரியணும்னா பெரும்பாலும் அது இந்த வரிசையில தான் தெரியும், மொதல்ல காத்து, அப்புறம் தாவரம், அப்புறம் ரேடியோ. மூஞ்சி, மொழி, மதம், நாடு இதெல்லாம் அந்த லிஸ்ட்லயே வராது.

அப்போ பூமிய யாராவது ஏற்கனவே கண்டுபிடிச்சிருக்கலாமா?

தாராளமா கண்டுபிடிச்சிருக்கலாம். ஒரு கிரகம் தன்னோட நட்சத்திரத்துக்கு குறுக்க போகும்போது வெளிச்சம் லேசா மங்கும், அத வச்சு தான் நாம நிறைய கிரகங்கள பிடிக்கிறோம். நம்ம பூமி சூரியனுக்கு குறுக்க போனா வெளிச்சம் 0.008 சதவீதம் குறையும், அதிகபட்சம் 13 மணி நேரம். அத பாக்கற கோணத்துல இருக்கற நட்சத்திரங்கள் எத்தனைன்னு வானியலாளர்கள் லிசா கால்டெனெக்கரும் ஜாக்கி ஃபாஹெர்ட்டியும் 2021ல கணக்கு போட்டாங்க, சுமார் 326 ஒளியாண்டுக்குள்ள (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம் தான் ஒரு ஒளியாண்டு) மட்டும் கடந்த 5,000 வருஷத்துல அந்தக் கோணத்துல இருந்த நட்சத்திரங்கள் 1,715.

இன்னொரு விஷயம், பூமியோட காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சு 200 கோடி வருஷத்துக்கு மேல ஆகுது. அதாவது "அங்க உயிர் இருக்கு" அப்படிங்கற செய்தி கேலக்ஸி முழுக்க எப்பவோ பரவிடுச்சு. "அங்க கருவி செய்யற யாரோ இருக்காங்க" அப்படிங்கற செய்திக்கு தான் நூறு வருஷம் கூட முழுசா ஆகல. அவங்க கேட்லாக்ல பூமி இருந்தா கூட நாம அதுல இல்லாம இருக்கலாம்.

6.6 கோடி ஒளியாண்டு தூரத்துல இருந்து பாத்தா டைனோசர் தெரியுமாமே?

அந்த வெளிச்சம் அங்க போய் சேந்திருக்கும், அது வரைக்கும் உண்மை. ஆனா 10 மீட்டர் நீளமுள்ள ஒரு டைனோசர ஒரு புள்ளியா பிரிச்சு பாக்கணும்னாலே மூணு நாலு ஒளியாண்டு அகலத்துக்கு டெலஸ்கோப் வேணும். சூரியனுக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியே 4.24 ஒளியாண்டு தான். பக்கத்துல, வெறும் 100 ஒளியாண்டுல இருந்து இங்க 100 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டிடத்த பாக்கறதுக்கே பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தப் போல பத்து மடங்குக்கு மேல அகலம் வேணும். இது டெக்னாலஜி வளந்தா சரியாகிடும்னு சொல்ற விஷயம் இல்ல, ஒளியோட குணமே அப்படி.

ஒரே ஒரு குறுக்கு வழி இருக்கு. நட்சத்திரத்தோட ஈர்ப்பு வெளிச்சத்த வளைக்கும், அதனால ஒரு நட்சத்திரத்தையே லென்ஸா பயன்படுத்தலாம். நம்ம சூரியன அப்படி பயன்படுத்தணும்னா பூமி-சூரியன் தூரத்தப் போல 550 மடங்கு தூரம் போய் நிக்கணும். 1977ல கிளம்புன வாயேஜர் 1 விண்கலம் இன்னும் அதுல மூணுல ஒரு பங்கு கூட தாண்டல. நம்மள விட ரொம்ப முன்னேறுனவங்க அவங்க நட்சத்திரத்த வச்சு இத பண்ணியிருந்தா நம்ம கண்டங்கள், கடல், மேகம் வரைக்கும் பாத்திருக்கலாம். மனுஷன பாக்கறது அப்பவும் நடக்காது.

நம்ம டிவி நிகழ்ச்சி, ரேடியோ பாட்டெல்லாம் கேட்டுட்டு இருப்பாங்களா?

ரொம்ப கஷ்டம். ஆரம்ப கால ரேடியோ அலைகள் பெரும்பாலும் மேல இருக்கற அயனி மண்டலத்துல பட்டு திரும்பிடும். டிவி, எஃப்எம், ரேடார் வந்த அப்புறம் தான் நிஜமா வெளிய கசிய ஆரம்பிச்சுது, அதுவும் தூரம் போகப் போக பயங்கரமா வலு குறைஞ்சிடும், நிகழ்ச்சிய பாக்கறதுன்னா நம்மகிட்ட இப்போ இருக்கறத விட எவ்வளவோ பெரிய ஆண்டெனா வேணும்.

நம்மகிட்ட இருந்து போனதுலயே ரொம்ப சத்தமான விஷயம் சிறுகோள்கள ஆராய அரெசிபோ டெலஸ்கோப் அனுப்புன ரேடார். நம்மகிட்ட இருக்கற மாதிரியே கருவி வச்சிருக்கறவங்க அந்த ரேடார 12,000 ஒளியாண்டுல இருந்து கூட பிடிக்கலாம்னு 2025ல வந்த ஒரு கணக்கு சொல்லுது. பிடிச்சாலும் அதுல பேச்சும் இருக்காது பாட்டும் இருக்காது, ஒரு துடிப்பு மட்டும் வரும், அதுவும் கதிர் மாதிரி ஒரே திசையில, ஒரு தடவ வந்து போயிடும். அந்த அரெசிபோவும் 2020 டிசம்பர் 1ல இடிஞ்சு விழுந்துடுச்சு. பழைய டிவி டவர்கள் இருந்த இடத்துல இப்போ கேபிளும் ஃபைபரும் வந்துடுச்சு, அந்த வகையில நாம கொஞ்சம் கொஞ்சமா அமைதியாகிட்டு வர்றோம். இத நான் ரொம்ப முக்கியமான விஷயமா பாக்கறேன், ஏன்னா நமக்கு நடக்கறது மத்தவங்களுக்கும் நடக்கலாம். ஒரு நாகரிகம் சத்தமா இருக்கற காலமே நூறு வருஷம்னா, கேலக்ஸியோட ஆயிரம் கோடி வருஷத்துல ரெண்டு பேரோட அந்த நூறு வருஷம் சரியா பொருந்தி வரணும்.

அவங்களுக்கு நாம எறும்பு மாதிரி, கண்டுக்கவே மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

எனக்கு இதுல உடன்பாடே இல்ல. எறும்ப பத்தி படிக்கறதுக்கே வாழ்க்கைய கொடுத்த விஞ்ஞானிகள் இருக்காங்க. செவ்வாயில ஒரே ஒரு பாக்டீரியா கிடைச்சாலும் அது நம்ம வரலாற்றுலயே பெரிய செய்தி. வானத்த பாக்கறதுக்கு கருவி செய்யற அளவுக்கு ஆர்வம் இருக்கற எந்த உயிருக்கும் இன்னொரு இடத்துல தனியா தோன்றுன உயிர் சாதாரண விஷயமா இருக்கும்னு என்னால நம்ப முடியல. உயிர் அங்கங்க மலிஞ்சு கிடக்குற ஒரு கேலக்ஸியா இருந்தா மட்டும் தான் அந்த அலட்சியத்துக்கு அர்த்தம் இருக்கும், அப்படி மலிஞ்சு கிடந்தா நாம இந்நேரம் ஒண்ணையாவது பாத்திருக்கணும் இல்லையா.

நம்ம போர், வன்முறை இதெல்லாம் பாத்து வெறுத்து ஒதுங்கிட்டாங்களா?

போர் தெரியாதுங்க. எல்லைக் கோடு தெரியாது, தலைவர்கள தெரியாது. கேலக்ஸியில 10,000 நாகரிகம் பரவலா இருக்குன்னு தாராளமா வச்சுக்கிட்டா கூட (ஏலியன் சிக்னல் தேடுறத ஆரம்பிச்சு வச்ச விஞ்ஞானி பிராங்க் டிரேக் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்த தோராயம் இது) பக்கத்துல இருக்கறவங்களே சில நூறு ஒளியாண்டு தள்ளி தான் இருப்பாங்க. நம்ம வெளிச்சம் அங்க போகவே அத்தனை நூறு வருஷம் ஆகும், அதனால அவங்க இன்னிக்கு பாக்கற பூமியில ரேடியோவும் இல்ல, கரண்ட்டும் இல்ல.

நம்ம நடத்தையில வெளிய தெரியக்கூடிய ஒரே விஷயம் காத்துல நாம பண்ணுற மாற்றம் தான். கார்பன் டை ஆக்சைடு தொழில் புரட்சிக்கு முன்னாடி பத்து லட்சத்துக்கு 280 பங்கு, இப்போ 420க்கு மேல. குளோரோஃபுளோரோகார்பன் மாதிரி இயற்கையில இல்லாத வாயு வேற கலந்து விட்டிருக்கோம், இத மாதிரி வாயுக்கள வேற கிரகத்துல தேடலாம்னு நம்ம ஆளுங்களே பேப்பர் எழுதியிருக்காங்க. அதனால நம்மள பத்தி ஒரு அபிப்பிராயம்னு அவங்க உருவாக்கணும்னா அவங்க கையில இருக்கப்போறது நம்ம புகையோட கணக்கு, கொஞ்சம் ரேடார் துடிப்பு, அவ்வளவு தான். நம்ம கவிதையும் போகல, நம்ம கொலைகளும் போகல. அத நினைச்சா எனக்கு வருத்தமா தான் இருக்கு, நம்மள பத்தி சொல்ல வேண்டிய எதுவுமே அதுல இல்ல.

ஜூவுல வச்சு பாக்கற மாதிரி நம்மள தள்ளி நின்னு பாக்கறாங்களா?

1973ல ஜான் பால் (John Ball) அப்படிங்கறவர் வச்ச யோசனை இது, நம்மள இயல்பா வளர விட்டு வேணும்னே ஒதுங்கி இருக்காங்கன்னு. கேக்கறதுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா எந்த விஷயம் நடந்தா இது தப்புன்னு நிரூபிக்கலாம்னு கேட்டா பதில் இல்ல, அதோட எல்லா நாகரிகமும், அதுல எல்லா குழுவும், கோடிக்கணக்கான வருஷம் ஒரே விதிய மீறாம இருக்கணும். ஒரே ஒரு கிரகத்துல இருக்கற நம்மளாலயே எந்த விதியயும் அப்படி காப்பாத்த முடிஞ்சதில்ல.

எல்லாரும் பயந்து ஒளிஞ்சிருக்காங்கன்னு சொல்ற தியரி?

அதுலயும் கிட்டத்தட்ட இதே ஓட்டை தான், எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கணும். போதாக்குறைக்கு, ஆக்சிஜன ஒளிச்சு வைக்க முடியாது. பூமி மாதிரி கிரகத்த அழிக்கணும்னு யாராவது நினைச்சிருந்தா அவங்களுக்கு 200 கோடி வருஷம் டைம் இருந்துச்சு.

அப்போ நாம தைரியமா மெசேஜ் அனுப்பலாம் தானே?

இதுல நல்லவங்க, விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. 1974 நவம்பர் 16 அன்னிக்கு அரெசிபோவுல இருந்து எம்13 நட்சத்திரக் கூட்டத்துக்கு மெசேஜ் போனப்போ, அந்த வருஷம் நோபல் வாங்குன மார்ட்டின் ரைல் கடுமையா எதிர்ப்பு சொன்னார். ஸ்டீபன் ஹாக்கிங் 2010ல, கொலம்பஸ் அமெரிக்காவுல இறங்குனது அங்க இருந்த மக்களுக்கு நல்லதா முடியலன்னு ஞாபகப்படுத்துனார். மறுபக்கம், கசிய வேண்டியது ஏற்கனவே கசிஞ்சிடுச்சு, இனிமே பயந்து என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறவங்களும் உண்டு.

எனக்கு ஆபத்த விட பெரிய உறுத்தலா இருக்கறது வேற, பூமி முழுக்க இருக்கறவங்க சார்பா பேசற உரிமைய ஒரு டெலஸ்கோப்பும் நாலு பேரும் எடுத்துக்கறது. என் ஓட்டு இப்போதைக்கு கேக்கறதுக்கு தான். கேக்கறதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, அதையே இன்னும் நாம ஒழுங்கா செஞ்சு முடிக்கல. 1960ல டிரேக் கிரீன் பேங்க்ல ரெண்டே ரெண்டு நட்சத்திரத்த பாத்து ஆரம்பிச்சது இது, 2015ல பிரேக்த்ரூ லிசன்னு ஒரு தேடல் திட்டம் வந்த அப்புறம் தான் பெரிய அளவுல நேரமும் பணமும் கிடைச்சுது.

கணக்கு எல்லா இடத்துலயும் ஒண்ணு தானே, அத வச்சு பேசிட முடியாதா?

ஹலோ சொல்றதுக்கு கணக்கு போதும், அதுக்கு மேல சந்தேகம் தான். அரெசிபோ மெசேஜையே கிட்ட போய் பாப்போம். மொத்தம் 1,679 பிட். ஏன் அந்த எண்ணுன்னா அது 23ஐயும் 73ஐயும் பெருக்குனா வர்றது, ரெண்டும் பகா எண், அதனால வாங்கறவங்க இத 23 பத்தி, 73 வரிசைன்னு அடுக்குனா ஒரு படம் வரும்னு எதிர்பார்ப்பு. படத்துல எண்கள், டிஎன்ஏவோட அடிப்படை அணுக்கள், ஒரு மனுஷ உருவம், சூரியக் குடும்பம். மூணு நிமிஷத்துக்குள்ள அனுப்பி முடிச்சாங்க.

இதுல எத்தனை விஷயத்த நாமளே முன்கூட்டி எடுத்துக்கிட்டோம் பாருங்க. அவங்களுக்கு படம்னு ஒண்ணு இருக்கணும், கண்ணு இருக்கணும், தட்டையான கட்டத்துல வரைஞ்சத ஒரு உருவமா எடுத்துக்கற பழக்கம் இருக்கணும். இதுக்கு முன்னாடி 1961ல இதே மாதிரி ஒரு புதிர டிரேக் தயார் பண்ணி, தன்கூட இருந்த விஞ்ஞானிகளுக்கே அனுப்பி பாத்தார், சரியா அவிழ்த்தவர் பெர்னார்ட் ஆலிவர் ஒருத்தர் தான். பயனியர் விண்கலத்துல 1972ல வச்ச தகட்டுல கலம் போற வழிய காட்ட ஒரு அம்புக்குறி போட்டாங்க. வில் அம்பு வச்சு வேட்டையாடுன வரலாறு இல்லாத ஒருத்தருக்கு அந்தக் குறி எந்தப் பக்கத்த காட்டுதுன்னு எப்படி தெரியும்னு கலை வரலாற்று அறிஞர் கோம்பிரிச் அப்பவே கேட்டார். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் நல்ல பதில் நான் பாக்கல.

தகவலும் பழசாயிடுது. அரெசிபோ மெசேஜ்ல உலக மக்கள்தொகை 430 கோடின்னு இருக்கு, கிரகங்கள் 9ன்னு இருக்கு. ரெண்டும் இப்பவே மாறிடுச்சு, அது போய் சேரவே சுமார் 25,000 வருஷம் ஆகும்.

ஏஐ வந்துடுச்சே, அது மொழிபெயர்த்துடாதா?

இங்கயே பக்கத்துல ஒரு பரீட்சை இருக்கு, திமிங்கலம். 2021ல அலாஸ்காவுல ட்வைன்னு பேர் வச்ச ஒரு கூன்முதுகு திமிங்கலத்துக்கு, அந்தக் கூட்டம் பயன்படுத்துற அழைப்பு ஒலியையே தண்ணிக்குள்ள ஸ்பீக்கர் வச்சு போட்டாங்க. அது படகு கிட்ட வந்து சுத்திச்சு, கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஒவ்வொரு ஒலிக்கும் பதில் கொடுத்துச்சு, இவங்க விட்ட இடைவெளி அளவுக்கே அதுவும் இடைவெளி விட்டு. இத பண்ணுனவங்கள்ல ஏலியன் சிக்னல் தேடுற செட்டி (SETI) நிறுவனத்து ஆளும் உண்டு. பதில் வந்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் என்ன பேசுனோம்னு யாருக்கும் தெரியாது. அதே கிரகம், அதே மாதிரி ரத்தமும் நுரையீரலும், பதிலுக்கு நூற்றுக்கணக்கான வருஷம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்ல, அப்படியும் இவ்வளவு தான் முடிஞ்சுது. ஏஐக்கு கத்துக்க ஏராளமான உதாரணம் வேணும், அங்க இருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தா அத எதோட ஒப்பிட்டு கத்துக்கும்?

நேர்லயே வந்துட்டா?

வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் போகுது. அந்த வேகத்துல நமக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி தூரத்த கடக்க சுமார் 75,000 வருஷம் ஆகும். உடம்போட வர்றத விட கருவி அனுப்பறதுக்கு தான் வாய்ப்பு அதிகம், அப்படி வந்தாலும் அத அனுப்புனவங்க அதுக்குள்ள இருக்காங்களோ இல்லையோ.

வானத்துல பாக்கற அடையாளம் தெரியாத பொருள்கள்?

நாசா அமைச்ச தனிக் குழு 2023 செப்டம்பர்ல ரிப்போர்ட் கொடுத்துச்சு, அதெல்லாம் வேற்று கிரகத்துல இருந்து வந்ததுன்னு காட்ட ஒரு ஆதாரமும் இல்லன்னு. வீடியோ தரமும் தகவலும் பத்தலன்னும் சொன்னாங்க. எனக்கும் அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

நிஜமாவே சிக்னல் வந்தா மறைச்சிடுவாங்களா?

மறைக்கறது ரொம்ப கஷ்டம், ஏன்னா உண்மையான்னு பாக்க வேற நாட்டு டெலஸ்கோப்ப கேட்டே ஆகணும். 1989லயே சர்வதேச விண்வெளிவியல் அகாடமி ஒரு நடைமுறை எழுதி 2010ல திருத்துச்சு, சரிபாருங்க, அப்புறம் வெளிப்படையா சொல்லுங்க, உலக நாடுகள கலந்து பேசாம பதில் அனுப்பாதீங்க. சட்டமா யாரையும் கட்டுப்படுத்தாது, அது ஒரு குறை தான்.

அவசரப்படாம இருக்கறதுக்கு காரணமும் இருக்கு. 1967ல ஜோசலின் பெல் பாத்த சீரான துடிப்புக்கு ஏலியனா இருக்குமோன்னு கூட யோசிச்சாங்க, அது பல்சர், அதாவது வேகமா சுத்திக்கிட்டே துடிப்பு விடுற ஒரு நட்சத்திரம். 1977 ஆகஸ்ட் 15ல வந்த, வாவ் சிக்னல்னு சொல்ற ரேடியோ சிக்னல் 72 நொடி இருந்துச்சு, திரும்ப வரவே இல்ல. 2019ல ஆஸ்திரேலியாவோட பார்க்ஸ் டெலஸ்கோப்ல பிராக்சிமா பக்கம் இருந்து வந்த மாதிரி 982 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு பதிவாச்சு, நல்லா அலசி பாத்தா அது நம்ம கருவிகளோட இடைஞ்சல். அதே பார்க்ஸ்ல வருஷக்கணக்கா குழப்புன இன்னொரு சிக்னல், மைக்ரோவேவ் அடுப்பு கதவ ஓட்டம் முடியறதுக்கு முன்னாடியே திறந்ததால வந்ததுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. இந்தப் பொறுமைய தான் நான் நம்பறேன், இதுல எதையும் யாரும் ஒளிக்கல.

நாம அனுப்புனதுக்கு பதில் சீக்கிரமா வரணும்னா எப்போ வரலாம்?

நம்ம வாழ்நாளுக்குள்ள வர வாய்ப்பிருக்கற ஒண்ண சொல்றேன். 2017 அக்டோபர்ல நார்வேல இருக்கற ட்ரோம்சோவுல இருந்து லூய்டன் நட்சத்திரத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்புனாங்க, 12.4 ஒளியாண்டு தூரம், அத சுத்தி பூமிய விட பெரிய ஒரு கிரகம் இருக்கு. அது 2030 ஆரம்பத்துல போய் சேரும். அங்க யாராவது இருந்து, புரிஞ்சு, ஒரு நாள் கூட யோசிக்காம உடனே பதில் அனுப்புனா 2042 வாக்குல இங்க வரும். யோசிச்சு அனுப்புனா அதுக்கும் மேல ஆகும், அப்போ அந்தப் பக்கம் ஒரு டெலஸ்கோப்ப திருப்பி வச்சு கேக்கறதுக்கு இங்க ஆள் இருக்கணும்.